கேட்டுச் சொல்கிறவர்

எங்கள் கம்பெனியில் எல்லாரும் அவர் முதுகைப் பார்த்துத்தான் பேசினோம். புறணி பேசினோம் என்று நினைத்துவிட வேண்டாம். சாயங்காலமானால் அவர் நிற்கிற லட்சணம் அது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. அன்றன்று முடிந்த சரக்கில் ஐந்து வெடி எடுத்து, வேலிக்கு அப்பால் இருக்கும் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, இந்தச் சரக்கு வெளியே போகலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை. அவர் சொல்வதை ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. ஊதுபத்தி நுனியால் திரியைத் தொட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, வெடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். வெடித்து முடிக்கும்வரை திரும்ப மாட்டார்.

“கண்ணு முந்திக்கிடும் சார்” என்பார். “வெளிச்சத்தப் பாத்ததும் ஆகா நல்ல வெடின்னு சொல்லிரும். காதுதான் நிதானமா இருக்கும்.”

ஆறு வருஷம் தினமும் அவர் பெயரை எழுதியவன் நான். இங்கே எழுதப்போவதில்லை. அவர் மகள் இன்றைக்குப் பேர் தெரிந்த பாடகி. அப்பாவைப் பற்றி ஊர் விசாரிப்பது அவளுக்குப் பிடிக்காது.

ஆளிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தன் காதால் கேட்காத எதையும் நல்லது என்று சொல்ல மாட்டார். மோசம் என்றும் சொல்ல மாட்டார். ஒரு சீசன் நேரம், தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. லாரி கேட்டில் நிற்கிறது, டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறான். இவர் ஒதுங்கப் போயிருந்த நேரத்தில் போர்மேன் பொறுமை இழந்து ஐந்து வெடியையும் தானே கொளுத்திவிட்டார். ஐந்தும் அருமையாக வெடித்தன. நானே கேட்டேன். இவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார்.

“பாஸ்னு எழுதச் சொல்லும்யா” என்றார் போர்மேன்.

“நான் கேக்கலையே.”

“ஊரே கேட்டுச்சு! வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்!”

“அப்ப வெம்பக்கோட்டைக்காரன்ட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க. நான் போடணும்னா இன்னும் அஞ்சு எடுங்க.”

எடுத்தார்கள். இரண்டாவது வெடி புஸ்ஸென்று போனது. பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பவும் உள்ளே போனது. போர்மேன் அன்றைக்கு ஏசிய ஏச்சை அச்சில் ஏற்ற முடியாது. இவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த ஏச்சைப் பற்றியும் கடைசியில் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார்: “தொண்டையில இருந்து வருது சார், வயித்துல இருந்து வரல. ரொம்பக் கோவம் கெடையாது.” அடுத்த நாள் போர்மேன் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் அப்படித்தான். என் இருமலைக் கேட்டு, “இது நெஞ்சு இருமல் இல்ல, மூக்குத் தண்ணி எறங்குது” என்றார். விருதுநகர் டாக்டரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். கம்பெனி வேனின் பின் சக்கரத்தில் பேரிங் போகப்போகிறது என்று வேனுக்கு உள்ளே உட்கார்ந்தபடி சொல்லியிருக்கிறார். சத்தத்தை அளக்க வரும் அதிகாரிகளின் மீட்டரை மட்டும் அவருக்குப் பிடிக்காது. “எம்புட்டுன்னு சொல்லுது. எப்படின்னு சொல்ல மாட்டேங்குதே” என்று குறைப்பட்டுக்கொள்வார். மீட்டர் என்றைக்கும் பதில் சொன்னதில்லை.

இப்போது மகள். அவளும் கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பையன்களும் சேர்ந்து ஒரு ராக் பேண்டு ஆரம்பித்திருந்தார்கள். பேண்டுக்குப் பெயர் ‘மருந்துக்கை’. வெடிமருந்து அள்ளுகிறவர்களின் கையில் அலுமினியத் தூள் ஏறி வெள்ளியாக மின்னும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எங்கள் பக்கத்தில் அந்தக் கையோடுதான் பாதிப்பேர் சோறு பிசைகிறோம். பெயரைக் கேட்டதும் இது நம்ம பிள்ளைகள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. மதுரையிலிருந்து நாகர்கோவில்வரை அவர்களைக் கூப்பிடாத கல்லூரி விழா இல்லை. மேடையில் ஏறினால் கூரைத் தகரம் அதிரும். அவள் கிடார் அடித்துக்கொண்டு அலறுகிற அலறலுக்குப் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவார்கள்.

விருதுநகர் பொருட்காட்சியில் அவர்கள் நிகழ்ச்சிக்கு இவரும் வந்திருந்தார். மேடைக்கு முதுகைக் காட்டி, ராட்டினத்தைப் பார்த்தபடி நின்றார். மகளோடு சண்டை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கிற பையனிடம் போய், “தம்பி, ஒங்க வலது காலு கொஞ்சம் பிந்துது” என்றார். பையனுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. ராத்திரி பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் அவனே போன் பண்ணி, ஆமாம் என்றான்.

மகள் அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கி வேர்வையோடு வந்து நின்றாள்.

“நான் எப்படிப்பா?”

“நீ எங்கம்மா பாடுன? கத்துன. கத்துனது நல்லாத்தான் இருந்துச்சு. பாடுனா சொல்லுதேன்.”

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். சும்மா சிரித்தாள் என்றுதான் நான் நினைத்தேன். அது எந்த அளவுக்கு உள்ளே இறங்கியது என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் அவருக்குக் காது போனது.

வெடிச்சத்தம் கேட்கும். பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். சன்னமானதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. பொட்டலில் சன்னமான சத்தத்துக்குத்தான் உயிர். கொளுத்திய வெடி வெடிக்கவில்லை என்றால், திரி அணைந்துவிட்டதா, இல்லை உள்ளுக்குள் சீறிக்கொண்டிருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். செத்துவிட்டது என்று தெரிந்தால் போய்த் தண்ணீர் ஊற்றலாம். சீறும்போது போனால் கை போகும், கண் போகும். முதலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெடிக்காத வெடியை நெருங்க அவர் முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வயது ஏற ஏற ஆளுக்கு நிதானம் கூடுகிறது பாருங்கள் என்று ஆபீஸில் மெச்சிக்கொண்டோம். நானும்தான் மெச்சினேன், மடையன்.

ஒருநாள் அந்த நிதானமும் தவறியது. ஒரு வெடி நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார், பிறகு தண்ணீர் வாளியோடு நடந்தார். எனக்கு அங்கேயிருந்தே சீறல் கேட்கிறது. “அண்ணே! அண்ணே!” என்று கத்துகிறேன், காற்று எதிர்ப்பக்கம், அவர் பாட்டுக்குப் போகிறார். கையில் இருந்த ரிஜிஸ்டரைச் சுழற்றி எறிந்தேன். முதுகில் போய் விழுந்தது. அவர் என்னவோ என்று திரும்பினார், இரண்டு எட்டு என் பக்கம் வந்தார், பின்னால் வெடித்தது. கெண்டைக்காலில் காகிதச் சில்லு அடித்து ரத்தம் வந்தது, அவ்வளவுதான். குனிந்து ரிஜிஸ்டரை எடுத்து மண்ணைத் தட்டினார்.

“அட்ட பிஞ்சு போச்சே சார்” என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வீட்டுக்காரிக்குத் தெரியும். புள்ள பாட்டு பாட்டுன்னு ஊர் ஊராச் சுத்துது, அதுக்குத் தெரியாது. இப்ப ஒங்களுக்குத் தெரியும். இதோட இருக்கட்டும்.”

“அண்ணே, வெளையாட்டு இல்லண்ணே இது.”

“இத விட்டா நான் யாரு சார்? லோடு ஏத்துவேன், அட்ட மடிப்பேன். அது ஆயிரம் பேர் செய்யுதான். இதுல ஒருத்தன் கேட்டுச் சொல்லுதான்னு நாலு பேருக்குத் தெரியும். புள்ளைக்கும் தெரியும்.”

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்தது இது: அன்றிலிருந்து அவர் எதிரே, அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்றுகொண்டேன். திரி சீறினால் ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன், செத்துவிட்டால் கீழே தொங்கவிடுவேன். இரண்டு சீசன் இப்படி ஓட்டினோம். இதை நட்பு என்று அப்போது நினைத்தேன்.

இதற்கிடையில் மருந்துக்கையின் முதல் ஆல்பம் தயாராகிவிட்டது. நான் ஓர் இணையப் பத்திரிகையில் பாட்டுகளைப் பற்றி எழுதுவேன். படிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனாலும் மகள் என்னை மதித்து, வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பே எட்டுப் பாட்டையும் அனுப்பியிருந்தாள். ஆல்பத்தின் பெயர் ‘மதியச் சாப்பாடு’. அலறல் எதுவும் இல்லை. கம்பெனியில் மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கிற அரைமணி நேரம், அதைப் பற்றிய பாட்டுகள். கம்பெனிக்குப் போகும் வேனில், ஒற்றைக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் நாலு பெண்கள் நகைச்சீட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனைக்குட்டம் வருவதற்குள் ஆல்பம் நமத்த வெடி என்று முடிவுகட்டிவிட்டேன். விமரிசனத்தில் அந்த வார்த்தையையே எழுதியும் வைத்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

ஆனால் ஒன்று உடனே உறைத்தது. இதை அவரால் கேட்க முடியாது. மகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் போட்டுக்காட்டப் போகிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “நாளைக்குப் பாட்டு கேக்கணுமேண்ணே?”

“அதுக்கென்ன! பொருட்காட்சியில மேல் அதிர அதிரக் கேட்டேன்ல. வீட்டுக்குள்ள போட்டா தெரு தாங்காது.”

முகத்தில் அப்படியொரு தெளிச்சி. இது வேற மாதிரி ஆல்பம், சன்னமா இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். வேன் வந்துவிட்டது. வேன் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நாரணாபுரத்தில் அவர் வீடு. முன்னறையில் கட்டிலை ஓரமாக நகர்த்தி நாற்காலி பரப்பி, நடுவில் ஸ்டூல் மேல் சோற்றுப் பானை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். போர்மேன் வந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர், எல்லாருமே கம்பெனி ஆட்கள். அவர் மனைவி சாத்தூர் காராச்சேவைத் தட்டு தட்டாக நீட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தரும்போது கண்ணை நிமிர்த்தவில்லை. இவர் சலவைச் சட்டையோடு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் செல்போனில் ஏதோ அமுக்கினாள். பாட்டு ஆரம்பித்தது.

சபை நன்றாகத்தான் கேட்டது. யாரும் தலையாட்டவில்லை, தாளம் போடவில்லை. அந்தப் பாட்டு அப்படிப்பட்டதில்லை. மகள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, மூன்று முடிந்தது. நான் காராச்சேவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது பாட்டில் கிடார் நின்றது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு சீறல்.

அவள் வீட்டு வாசலில் ஒரு திரியை மட்டும் தனியாகக் கொளுத்தி, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்திருக்கிறாள். அதை நான் வேன் இரைச்சலில் கோட்டைவிட்டிருக்கிறேன். அந்த அறையில் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் எடுக்கிறவர்கள் எங்கள் தொழிலில் நீடிப்பதில்லை. போர்மேன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பெண்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அவர் மனைவி தட்டைப் போட்டுவிட்டார். நான் கட்டிலுக்குப் பின்னால் இருந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது.

மகள் கைதட்டிச் சிரித்தாள். “பயந்துட்டீகளா! எல்லாரும் பயந்துட்டீகளா!”

தட்டு விழுந்து உருண்டதில் அவர் திரும்பினார். சுவரோரம் நிற்கிறவர்களைப் பார்த்து அவரும் சிரித்தார்.

“ஏன் எந்திரிச்சிட்டீக? உக்காருங்க, உக்காருங்க. புள்ள இன்னும் பாட்டப் போடவே இல்லையே.”

ஸ்பீக்கரில் திரி சீறிக்கொண்டே இருந்தது. மகளின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அவள் செல்போனை அமுக்கினாள், அறை அமைதியானது. அந்த அமைதியையும் அவர் வித்தியாசமாக உணரவில்லை. போர்மேன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பொட்டலில் தினமும் அவர் எதிரே நிற்கிறவன் நான்தானே.

“எத்தன நாளாய்யா?”

“ரெண்டு சீசன்” என்றேன்.

“ரெண்டு சீசனா! அடப்பாவிகளா! கை போயிருந்தா யாரு பதில் சொல்ல? ஆள் போயிருந்தா? நீ படிச்சவன்தானய்யா?” போர்மேன் கத்தினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அது இவருக்குக் கேட்டது.

“சார ஏசாதீக” என்றார். “நான்தான் சொல்ல வேண்டாம்னேன்.” பிறகு போர்மேனைப் பார்த்தார். “நாளையில இருந்து பொட்டலுக்கு வேற ஆளப் போட்டுக்கோங்க. நான் வரல.”

“அட்டைப்பெட்டி செக்சனுக்கு வாரும்” என்றார் போர்மேன். “வராம இருந்துராதேயும்.” சட்டென்று அவர் தோளில் கையை வைத்தார்.

இவர் மகள் பக்கம் திரும்பினார். “எத்தன பாட்டும்மா போயிருக்கு?”

அவள் நாலு விரலைக் காட்டினாள். பிறகு அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து என்னவோ சொன்னாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். கடைசியில், பொருட்காட்சி மேடையில் அலறியதைப் போலவே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: “ஒங்களுக்காகத்தாம்ப்பா பாடுனேன்! பாடுனா சொல்லுதேன்னீகள்ல!”

எனக்கு அந்த இடத்தில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவர் மனைவி சிதறிய காராச்சேவைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்கப்பா. போதும்.”

“கேக்காம எப்படித்தாயி சொல்லுவேன்?”

அவருக்கு அது முடியாது. பெற்ற மகளுக்காகக்கூட முடியாது. அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? அவர் மகளின் தலையில் கையை வைத்தபடியே என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். கட்டிலுக்குப் பின்னால்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

“சார், நீங்க கேட்டீகளா?”

“கேட்டேன்ணே. வேன்ல கேட்டேன்.” பிறகு உரக்கச் சொன்னேன், “சரியாக் கேக்கலண்ணே.”

“அப்ப இப்பக் கேளுங்க. கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க.” மகளைப் பார்த்தார். “மொதல்ல இருந்து போடும்மா. ஃபேன அமத்துங்க யாராவது.”

மின்விசிறியை நிறுத்தினார்கள். புழுக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். எட்டுப் பாட்டையும் கேட்டேன். வாழ்க்கையில் ஒரு ஆல்பத்தை அப்படிக் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

முடிந்ததும் அவர் காதருகே போய், ஒவ்வொரு பாட்டாக, சத்தம் போட்டுச் சொன்னேன். முதல் பாட்டில் தாளத்துக்குத் தூக்குவாளி மூடியைத் தட்டியிருக்கிறார்கள், அது கச்சிதம் என்றேன். டிரம்ஸ் பையன் குச்சியை வைத்துவிட்டு விரலால் வாசிக்கிறான், ஓரிடத்திலும் பிந்தவில்லை என்றேன். மூன்றாவதில் கிடார் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டு முடித்த நேரத்துப் பாட்டு என்பதால் தகும். நாலாவதில் திரி எரிந்துகொண்டிருக்கும்போதே உங்கள் மகள் பாட ஆரம்பிக்கிறாள், திரியைவிட மெதுவாகப் பாடுகிறாள், ஒரு எழுத்துகூட அமுங்கவில்லை. குரல் வயிற்றிலிருந்து வருகிறது, எங்கேயும் கத்தவில்லை, பாடியிருக்கிறாள் என்றேன். ஆறாவதில் பல்லவி இரண்டு தடவை வந்தால் போதும், மூன்று தடவை வருகிறது; பெரிய குற்றமில்லை. ஏழாவது பாட்டில் எங்கிருந்தோ ஒரு வயலின் வருகிறது, அது அழ வைக்கப் பார்க்கிறது, அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை என்றேன். எட்டாவதைப் பற்றி, நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை.

அவர் எதையும் குறுக்கே கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“சார் சொல்லுதார்ல, சரியாத்தான் இருக்கும்” என்றார் மகளிடம். “அந்த ஏழாவது பாட்ட மட்டும் கொஞ்சம் பாத்துரும்மா.”

அவள் அழுதுகொண்டே செல்போனை எடுத்து, ஏழு, வயலின் என்று குறித்துக்கொண்டாள்.